112 நாள் யார் கண்ணிலும் படாத பகா எண்: ஒரு நிகழ்வு ஆய்வு

2015 செப்டம்பர் 17, வியாழக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகக் கணினி, 31 நாள் இடைவிடாமல் போட்ட கணக்கை முடித்து, விடையை இணையம் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்பியது. அதுவரை தெரிந்த பகா எண்களிலேயே ஆகப் பெரியது எது என்பதற்கான புதிய பதில் அந்த விடையில் இருந்தது. சர்வர் அதை வாங்கி, மற்ற விடைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டது. 2016 ஜனவரி 7ஆம் தேதிதான் ஒரு மனிதர் அதைக் கண்டார். அதுவும் வியாழக்கிழமை. இடையில் சரியாகப் பதினாறு வாரம்.

கணக்கு தப்பவில்லை, கணினி பழுதாகவில்லை, முடிவும் தொலையவில்லை. ஆனாலும் கண்டுபிடிப்பு நடக்கவில்லை. அது எப்படி என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர் இதற்குத் தேவையில்லை என்பதால் சொல்லவில்லை.

பின்னணி

இரண்டைப் பலமுறை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த மெர்சென் என்ற துறவி இவற்றில் எவை பகா எண் என்று 1644இல் ஒரு பட்டியல் போட்டார். பட்டியலில் பிழைகள் இருந்தன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 3, 7, 31, 127 எல்லாம் இந்த வகைப் பகா எண்கள்தான். அடுக்கு (எத்தனை இரண்டுகளைப் பெருக்கினோம் என்ற எண்ணிக்கை) பகா எண்ணாக இருந்தால்தான் மெர்சென் எண்ணும் பகா எண்ணாக இருக்க முடியும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 11 பகா எண்; 2^11 − 1 = 2047 என்பதோ 23 × 89.

இவற்றைத் தேடுவதற்காக 1996 ஜனவரியில் தொடங்கியது ஜிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சி. யார் வேண்டுமானாலும் பிரைம்95 என்ற இலவச மென்பொருளைத் தம் கணினியில் போட்டுக்கொள்ளலாம். பிரைம்நெட் என்ற சர்வர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடுக்கை ஒதுக்கும், கணினி சும்மா இருக்கும் நேரத்தில் கணக்கைப் போடும், முடிந்ததும் விடை தானாகச் சர்வருக்குப் போகும். நானும் சில மாதம் ஓட்டிப் பார்த்தவன். விசிறி இரைச்சலும் மின்கட்டணமும்தான் மிஞ்சின, ஆனால் அதுதான் எதிர்பார்த்தது. பகா எண் கிடைப்பது லட்சத்தில் ஒருவருக்கு.

இந்த நிகழ்வின் மையத்தில் இருக்கும் பேராசிரியர் மத்திய மிசௌரி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். வளாகத்து ஆய்வகக் கணினிகள் நூற்றுக்கணக்கானவற்றில் இந்த மென்பொருளை ஓட்டவிட்டிருந்தார். 2005இலும் 2006இலும் சக பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து சாதனை எண்களைப் பிடித்தவர். 2013 ஜனவரியில் பிடித்த 2^57885161 − 1 தான் அப்போது உலகின் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது: 1,74,25,170 இலக்கம். ஆக, இந்த வேலைக்குப் புதியவர் இல்லை. என்ன வந்தால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியும், திட்டத்தை நடத்துபவர்களுக்கும் தெரியும்.

ஒதுக்கப்பட்ட எண்

2015 ஆகஸ்டில் அவருடைய கணினிகளில் ஒன்றுக்குக் கிடைத்த அடுக்கு 7,42,07,281. அதாவது சோதிக்க வேண்டியது 2^74207281 − 1. இதன் சில குணங்களைக் காகிதமும் பேனாவும் வைத்தே சொல்லிவிடலாம். பதின்ம முறையில் எழுதினால் 2,23,38,618 இலக்கம். பக்கத்துக்கு 3,000 இலக்கம் என்று அச்சிட்டால் 7,400 பக்கத்தைத் தாண்டும். தொடக்கம் 300376, கடைசி இலக்கம் 1. இரும முறையில் எழுதினாலோ பார்க்க ஒன்றுமே இல்லை: 7,42,07,281 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், வேறு எதுவும் கிடையாது.

கொஞ்சம் ஆழமான குணம் அதன் காரணிகளைப் பற்றியது. மெர்சென் எண்ணுக்குக் காரணி இருந்தால், அது கண்டபடி இருக்க முடியாது. இருமடங்கு அடுக்கின் ஏதாவது ஒரு மடங்கை எடுத்து அதோடு 1 கூட்டினால் வரும் எண்ணாகத்தான் இருக்கும். அதோடு, 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 2047இலேயே பார்க்கலாம்: 23 என்பது 22 + 1, 89 என்பது 88 + 1. நம் எண்ணுக்கு இந்த இரண்டு நிபந்தனையையும் போட்டுப் பார்த்தால், காரணியாக இருக்க வாய்ப்புள்ள முதல் எண்ணே 44,52,43,687. அதற்குக் கீழே உள்ள 44 கோடி எண்களையும் தொடாமலே தள்ளிவிடலாம். ஜிம்ப்ஸ் முதலில் செய்வதும் இந்த வடிகட்டல்தான். சுலபமாகச் சிக்கும் காரணி இருக்கிற எண்கள் இங்கேயே விழுந்துவிடும். இந்த எண் விழவில்லை.

சோதனை

அடுத்தது லூக்காஸ்–லேமர் சோதனை. 1870களில் லூக்காஸ் என்ற கணிதர் போட்ட அடித்தளத்தை 1930களில் லேமர் என்ற கணிதர் செப்பனிட்டார். வழிமுறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. 4இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, 2 கழி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடு. அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்து. அடுக்கை விட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்தபின் மீதி பூஜ்யம் என்றால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண்.

31ஐ எடுத்துக்கொள்வோம். அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை. 4 × 4 − 2 = 14. அடுத்து 14 × 14 − 2 = 194; அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. பிறகு 8 × 8 − 2 = 62; மீதி 0. எனவே 31 பகா எண். இதையே 2047க்குச் செய்தால் ஒன்பது தடவைக்குப் பின் மீதி 1736இல் நிற்கும். பகு எண் என்று உறுதி, ஆனால் காரணி என்ன என்று இந்தச் சோதனை சொல்லாது. 1876இல் லூக்காஸ் 2^67 − 1 பகு எண் என்று காட்டியபோதும் அதுதான் நிலைமை. காரணிகளைக் கண்டுபிடிக்க 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: 19,37,07,721 ஒன்று, 7,61,83,82,57,287 மற்றொன்று.

நம் எண்ணுக்கு 7,42,07,279 தடவை வர்க்கப்படுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டேகால் கோடி இலக்க எண்ணை. கணக்குப் போட்ட இயந்திரம் இன்டெல் ஐ7-4790 சிப் உள்ள சாதாரண மேசைக் கணினிதான். 31 நாள் என்றால் நொடிக்குச் சுமார் 28 தடவை. பள்ளியில் கற்ற பெருக்கல் முறையில் இது நடக்காது. எண்ணைச் சுமார் 18 பிட் (இரும இலக்கம்) அளவுள்ள 40 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கி, ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித உத்தியின் வழியே பெருக்குகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு: இடையில் வருவதெல்லாம் தசம எண்கள், கடைசியில் ஒவ்வொன்றையும் கிட்டத்து முழு எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே ஓர் இடத்தில் பிசகு அரையைத் தாண்டிவிட்டாலும், அல்லது மெமரியில் ஒரே ஒரு பிட் புரண்டாலும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வீண். அதனால்தான் ஒவ்வோர் எண்ணையும் இன்னொரு கணினியில் இரண்டாம் முறை சோதிப்பது அப்போது ஜிம்ப்ஸின் வழக்கமாக இருந்தது.

செப்டம்பர் 17: வந்து சேர்ந்த விடை

சர்வருக்கு முழு மீதியும் போவதில்லை. அதன் கடைசி 64 பிட் மட்டும், பதினாறு எழுத்து–எண் கலந்த குறியீடாகப் போகும். பகு எண் என்றால் அது தாறுமாறாக இருக்கும். பகா எண் என்றால் பதினாறும் பூஜ்யம். அன்று வந்தது பதினாறு பூஜ்யம்.

இப்படி ஒரு விடை வந்தால் உடனே சம்பந்தப்பட்டவர்களுக்கு மின்னஞ்சல் தானாகப் போக வேண்டும். மென்பொருளில் இருந்த ஒரு கோளாறால் அந்த மின்னஞ்சல் போகவில்லை. கணினிக்குச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான கணினிகளை ஓட்டுகிறவர் தினமும் ஒவ்வொரு திரையாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பார்க்க வேண்டாம் என்பதற்குத்தானே சர்வரே இருக்கிறது.

அந்த 112 நாள்

இந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே கவனிக்க வேண்டியது. சர்வர் வழக்கம்போல் ஓடியது. புதிய அடுக்குகள் ஒதுக்கப்பட்டன, விடைகள் வந்து குவிந்தன. எந்தப் பக்கத்திலும் பிழைச் செய்தி இல்லை. பகா எண் கிடைக்காத நாளும் கிடைத்து மின்னஞ்சல் போகாத நாளும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 2013 ஜனவரிக்குப் பிறகு இரண்டரை ஆண்டுக்கு மேல் எந்த நல்ல செய்தியும் வரவில்லை. ஆகவே இன்னும் நான்கு மாதம் மௌனம் நீடித்ததில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

இரண்டாம் சோதனை இதைப் பிடித்திருக்காதா என்று கேட்கலாம். பிடித்திருக்கும், ஆனால் எப்போது? அப்போதெல்லாம் இரண்டாம் சோதனை முதல் சோதனைக்குப் பல ஆண்டு பின்னால்தான் வந்தது. அது வரும்வரை அந்த வரி பேசாமல் கிடந்திருக்கும்.

இது முதல் தடவையும் இல்லை. 2009இல் 2^42643801 − 1 ஏப்ரல் 12ஆம் தேதி சர்வருக்கு வந்துவிட்டது, ஜூன் 4 வரை ஒருவரும் கவனிக்கவில்லை. 53 நாள். அது அப்போதைய சாதனை எண்ணை விடச் சற்றே சிறியது என்பதால் பெரிய பேச்சாகவில்லை. முதல் எச்சரிக்கை அடங்கிய குரலில் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 7: பார்த்தார்கள்

வழக்கமான பராமரிப்பு வேலையாகச் சர்வரின் தரவுகளை அலசியபோது அந்த வரி கண்ணில் பட்டது. பதறிப்போய் அறிவித்துவிடவில்லை. முதல் முடிவு: சரிபார்க்கும்வரை வெளியே சொல்வதில்லை. பூஜ்யம் என்பது கணிதத்தில் அபூர்வம், மென்பொருளில் சகஜம். எங்கோ ஒரு நிரல் தோற்றால் அது காட்டுவதும் பெரும்பாலும் பூஜ்யத்தைத்தான்.

ஆனால் இந்தச் சோதனையின் அமைப்பிலேயே ஒரு சிறு பாதுகாப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. நடுவழியில் மெமரி கோளாறால் மீதி பூஜ்யமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த படி 0 × 0 − 2, அதாவது −2. அதற்கடுத்தது 4 − 2 = 2. அப்புறம் 2 × 2 − 2 மறுபடி 2. கடைசிவரை 2 தான். ஆக, நடுவில் விழுந்த பொய்ப் பூஜ்யம் முடிவில் 2 ஆக வந்து நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் பூஜ்யம் வர வேண்டுமென்றால் கடைசிப் படியிலேயே ஏதாவது நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண் உண்மையிலேயே பகா எண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டாவது முடிவு: ஒரே மென்பொருளை இன்னொரு கணினியில் ஓட்டிப் பார்த்தால் போதாது. மென்பொருளிலேயே பிழை இருந்தால் இரண்டு கணினியும் ஒரே பொய்யைச் சொல்லும். ஆகவே வெவ்வேறு ஆட்கள் எழுதிய மென்பொருள், வெவ்வேறு வகை வன்பொருள். மூன்று தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் என்விடியா டைட்டன் பிளாக் கிராஃபிக்ஸ் அட்டையில் ஓட்டி 2.3 நாளில் முடித்தார். இன்னொருவர் ஏஎம்டி ஃப்யூரி எக்ஸ் அட்டையில் 3.5 நாளில் முடித்தார். மூன்றாமவர் அமேசானிடம் வாடகைக்கு எடுத்த, 18 கோர் கொண்ட இரண்டு ஸியான் சர்வர்களில், அதே 3.5 நாளில். மூன்றிலும் பூஜ்யம்.

31 நாள் கணக்கை மூன்றரை நாளில் சரிபார்த்துவிட்டார்கள், கணக்கு முடிந்ததைக் கவனிக்கத்தான் 112 நாள் ஆனது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எந்தத் தேதியைப் போடுவது?

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. கண்டுபிடித்த நாள் எது? கணினி விடை அனுப்பிய செப்டம்பர் 17ஆ, மனிதர் பார்த்த ஜனவரி 7ஆ?

இதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1961இல் ஹர்விட்ஸ் என்ற கணிதர் ஐபிஎம் 7090 கணினியில் மெர்சென் எண்களைச் சோதித்தார். அச்சாகி வந்த தாளைப் பின்பக்கத்திலிருந்து படித்ததால் 2^4423 − 1 முதலில் கண்ணில் பட்டது, 2^4253 − 1 சில நொடி கழித்து. இரண்டும் பகா எண்தான், இரண்டும் அதுவரை தெரிந்த எதையும் விடப் பெரியவை. ஆனால் கணினி முதலில் முடித்த சிறியதற்கு, ‘ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பகா எண்’ என்ற பெயர் ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. மனிதர் பார்த்த வரிசையே வரிசை என்று ஆயிற்று. அச்சான தாளை அடுக்கி வைத்த ஆபரேட்டர் பார்த்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. இன்றுவரை அதற்கு ஒழுங்கான பதில் கிடையாது.

ஜிம்ப்ஸ் அந்த மரபையே பின்பற்றி ஜனவரி 7ஐ அதிகாரப்பூர்வ நாளாக வைத்தது. முடிவு நியாயமானது என்றே நினைக்கிறேன், கணித மரபு என்பதற்காக மட்டும் இல்லை. செப்டம்பர் 17 என்று எழுதியிருந்தால் தாமதம் அட்டவணையில் மறைந்துபோயிருக்கும். சர்வருக்கு வந்த தேதியை அறிவிப்பிலேயே அவர்கள் ஒளிக்காமல் சொன்னதால்தான் இந்த ஆய்வையே எழுத முடிகிறது.

பின்விளைவு

2016 ஜனவரி 19ஆம் தேதி அறிவிப்பு வெளியானது. திட்டத்துக்கு அது இருபதாம் ஆண்டு என்பதும் சேர்ந்துகொண்டது. பேராசிரியருக்கு 3,000 டாலர் பரிசு. எண் 49ஆவது மெர்சென் பகா எண்ணாகப் பட்டியலில் ஏறியது. கூடவே ஒரு புதிய நிறைவு எண்ணும் கிடைத்தது. தன்னைத் தவிர மற்ற வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்கள்தான் நிறைவு எண்கள்: 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் இப்படி ஒன்று இலவச இணைப்பு. 3க்கு 6, 7க்கு 28, 31க்கு 496. நம் எண்ணுக்கு உரியது 4,46,77,235 இலக்கம் கொண்டது.

இதனால் வங்கிப் பரிமாற்றம் பாதுகாப்பாகும் என்றெல்லாம் அப்போது சில செய்திகளில் எழுதினார்கள். ரகசியக் குறியீட்டுக்குத் தேவை சில நூறு இலக்கமுள்ள, யாருக்கும் தெரியாத பகா எண்கள். ஊருக்கே தெரிந்த இரண்டேகால் கோடி இலக்க எண்ணை வைத்து எதையும் பூட்ட முடியாது.

பாதிப்பு என்று பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த 112 நாளில் வேறொருவர் இதை விடச் சற்றுச் சிறிய எண் ஒன்றைக் கண்டு உலக சாதனை என்று அறிவித்திருந்தால், பிறகு அதைத் திரும்பப் பெற வேண்டிய நிலை வந்திருக்கும். வரவில்லை, அது அதிர்ஷ்டம்தான்.

மாற்ற வேண்டியவை

என் பார்வையில், கோளாறு மின்னஞ்சலில் இருந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது. சில ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் அடிக்க வேண்டிய மணி, அடிக்கிறதா என்று நடுவில் யாரும் அடித்துப் பார்க்காமல் இருந்திருக்கிறது. இதற்கு மருந்து எளிது. ஏற்கெனவே தெரிந்த மெர்சென் பகா எண் ஒன்றை, 2013இல் கிடைத்ததையே கூட, அவ்வப்போது புதிய விடை போலச் சர்வருக்குள் அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் வந்தால் மணி வேலை செய்கிறது. வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, தினமும் ஒருமுறை தரவுத்தளத்தில் பதினாறு பூஜ்ய வரி இருக்கிறதா என்று தனியாகத் தேடும் சிறு நிரல். விடை வந்ததும் தள்ளிவிடும் மின்னஞ்சலோடு அதற்கு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஜனவரி 7இல் கண்டுபிடித்ததும் இப்படிப்பட்ட அலசலில்தான், அதை நாள்தோறும் செய்யலாமே என்பதுதான் யோசனை. ‘இன்று பூஜ்யம் எதுவும் இல்லை’ என்று தினசரி ஒரு வரி அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த வரி வராத நாள் உறுத்தும்.

சோதனை முறையே பிறகு மாறிவிட்டது. 2017இல் ராபர்ட் கெர்பிச் தந்த ஒரு பிழை கண்டறியும் உத்தியால், ஃபெர்மா வகை என்ற இன்னொரு பகா எண் சோதனையில் நடுவழிப் பிசகை அங்கேயே பிடித்துப் பின்னால் போய்த் திருத்த முடிகிறது. 2020 முதல் விடையோடு ஒரு சான்றும் சேர்ந்து வருகிறது. அதைச் சரிபார்க்க முழுக் கணக்கின் சிறு பங்கே போதும், பல ஆண்டு கழித்து இரண்டாம் சோதனை என்ற வழக்கம் இதனால் தேவையற்றுப் போனது. கணக்குப் பிழைக்கான மருந்துகள் இவை. கவனிக்காமல் விட்டதற்கு இவற்றில் மருந்து இல்லை.

அடுத்த எண்

2^74207281 − 1 கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு சாதனை எண்ணாக இருந்தது. 2017 டிசம்பர் 26ஆம் தேதி, டென்னசி மாநிலத்தில் ஒரு தேவாலயத்தின் கணினி 2^77232917 − 1 பகா எண் என்று விடை அனுப்பியது: 2,32,49,425 இலக்கம். இந்த முறை உடனே கவனித்தார்கள். நான்கு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். ஜனவரி 3ஆம் தேதி அறிவிப்பு வந்துவிட்டது. எட்டு நாள்.